இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும்

கோவை மாவட்டக் காரமடை வட்டாரத்தில் காய்ச்சல் கண்டவர் முதலில் போவது மருத்துவமனைக்கு அல்ல. மெடிக்கலில் இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்குவார். மூன்றாம் நாள் பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனை. அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கோவை. பெரும்பாலான காய்ச்சல்களுக்கு இந்த வரிசை போதும். 2009இல் உலகைச் சுற்றி வந்த எச்1என்1 இன்ஃபுளுயன்சாவும் பெரும்பாலானவர்களிடம் ஒரு வாரத்தில் தானாக அடங்கிப்போனதுதான். அது கொன்றவர்களிடம் மட்டும் நோயின் நாட்களும் இந்தப் பயணத்தின் நாட்களும் மோசமாகப் பொருந்திப்போயின. மருந்து வேலை செய்யும் இரண்டு நாட்கள் மெடிக்கலில் கழிந்தன. மூச்சு வாங்கத் தொடங்கும் நான்காம், ஐந்தாம் நாளில் நோயாளி இன்னும் வழியில் இருந்தார். கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பார்த்தால் இந்த நோயைப் பற்றிய கேள்விகள் யாவும் இந்த நாள் கணக்கில்தான் வந்து நிற்கின்றன.

முதலில் வைரஸின் பிறப்பு. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இரண்டு குழந்தைகளின் சளி மாதிரியில் அதுவரை அறியப்படாத ஒரு இன்ஃபுளுயன்சா ஏ வைரஸ் அகப்பட்டது. அதே வாரங்களில் மெக்சிகோவில் இளவயதினர் கடும் நிமோனியாவால் மருத்துவமனைகளை நிறைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே வைரஸ். இன்ஃபுளுயன்சா வைரஸின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கும். ஒரே உடலில் இரண்டு வகை வைரஸ்கள் சந்தித்தால் இந்தத் துண்டுகள் கலந்து புதிய சேர்க்கைகள் உருவாகும். 2009 வைரஸில் வட அமெரிக்கப் பன்றி, பறவை, மனிதர் ஆகிய மூன்று வழிகளில் வந்த ஆறு துண்டுகளும், ஐரோப்பிய–ஆசியப் பன்றிகளிடமிருந்து வந்த இரண்டு துண்டுகளும் இருந்தன. பன்றியின் உடலில் கூடிய சேர்க்கை என்றாலும் மனிதருக்குள் வந்தபின் அது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியது. பன்றி இறைச்சிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. ஆனாலும் எகிப்து தன் நாட்டில் சுமார் மூன்று லட்சம் பன்றிகளைக் கொன்றது. நம் பகுதியில் வெண்பன்றிப் பண்ணை வைத்திருந்தவர்களும் காரணமே இல்லாமல் பயத்தைச் சுமந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2009 ஜூன் 11 அன்று இதை உலகத் தொற்று என அறிவித்தது. 2010 ஆகஸ்ட் 10 அன்று அந்த நிலை முடிந்ததாகச் சொன்னது. இந்தியாவில் முதல் நோயாளி 2009 மே மாதம் ஹைதராபாத்தில் கண்டறியப்பட்டார், அமெரிக்காவிலிருந்து வந்தவர். முதல் மரணம் ஆகஸ்ட் 3 அன்று புனேயில் நிகழ்ந்தது. பதினான்கு வயதுப் பள்ளி மாணவி. அடுத்த சில நாட்களிலேயே சென்னையில் நான்கு வயதுச் சிறுவன் இறந்தான். தமிழ்நாட்டில் பீதி தொடங்கிய நாள் அது. கோவையில் துணிக்கடைகளில் முகக்கவசம் தைத்து விற்கும் அளவுக்குக் கிராக்கி வந்தது, பிறகு மறந்துபோனது. பதினோரு ஆண்டு கழித்து, கொரோனாவோடுதான் முகக்கவசம் திரும்பி வந்தது.

இந்த மறதிக்கு நம் ஊரில் நீண்ட சரித்திரம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியபோது மக்கள் பிளேக் மாரியம்மனை நிறுவி வழிபட்டார்கள். அந்தக் கோயில்கள் இன்றும் நகரில் இருக்கின்றன. 2021இல் இருகூர்ப் பகுதியில் உள்ள காமாட்சிபுரி ஆதீனம் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தது. ஆனால் 1918இல் வந்த இன்ஃபுளுயன்சாவுக்கு இப்படி எந்த அடையாளமும் என் கண்ணில் பட்டதில்லை. அது சில மாதங்களில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 1911க்கும் 1921க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகையே சற்றுக் குறைந்தது. வேறெந்தப் பத்தாண்டுக் கணக்கெடுப்பிலும் அப்படி நடக்கவில்லை. பம்பாய் மாகாணத்தைவிடச் சென்னை மாகாணத்தில் இறப்பு விகிதம் வெகுவாகக் குறைவு என்பது உண்மை. அதற்காக இங்கே அது இலேசாக வந்துபோனதாகக் கொள்ள முடியாது. பிளேக் ஊரைக் காலி செய்யவைக்கும், எலி செத்து விழும், அடையாளம் தெரியும். இன்ஃபுளுயன்சா எல்லாரும் அறிந்த சளி, காய்ச்சலின் வேடத்தில் வந்து, எண்ணி முடிப்பதற்குள் போய்விடும். சாவின் எண்ணிக்கை பெரிதாக இருந்தும் நினைவு சிறிதாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த உலகத் தொற்று 1957இல் வந்தது. இதில் நம் பகுதிக்கு நேரடிப் பங்கு உண்டு. அதைப் பெருமையோடு சொல்லலாம். அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் பயணிகள் பலர் காய்ச்சலோடு இறங்கினார்கள். எச்2என்2 என்ற புதிய வகை இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் சென்னைதான். அப்போது இந்திய அரசின் இன்ஃபுளுயன்சா மையம் இருந்தது டெல்லியிலோ புனேயிலோ அல்ல. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில். காரமடையிலிருந்து வடக்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் அதே மலையில். 1907இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்வதற்காகத் தொடங்கிய அந்த நிலையத்தின் ஆய்வாளர் ஐ.ஜி.கே. மேனன் 1957 தொற்றின் வரலாற்றைத் தொகுத்து உலக சுகாதார நிறுவன இதழில் 1959இல் வெளியிட்டார். 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை இந்தியாவில் 44,51,785 பேர் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் அதில் கணக்கு இருக்கிறது. மாநிலம் மாநிலமாக, வாரம் வாரமாக அறிக்கை வாங்கி, சாதாரண தபால் வசதியில் செய்த வேலை அது. கணினியும் மரபணுப் பரிசோதனையும் இல்லாத காலத்தில் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை எண்ணிய நாடு, 2009இல் ஆய்வகத்தில் உறுதியானவர்களை மட்டும் எண்ணியது. அந்த ஆண்டு கணக்கில் வந்தவர்கள் 27,236 பேர். இறந்தவர்கள் 981. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், 2009இல் நோய் குறைவாக இருந்ததாகத் தோன்றும். உண்மையில் சுருங்கியது நாம் எண்ணிய வட்டம்.

இனி நோயின் குணங்கள். வைரஸ் உடலில் புகுந்து ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் அறிகுறி தொடங்கும். திடீரென்று குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், தொண்டை வலி, தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி. வழக்கமான பருவகாலக் காய்ச்சலோடு ஒப்பிட்டால் இதில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூடுதலாகக் காணப்பட்டன, குறிப்பாகக் குழந்தைகளிடம். அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோயாளி பிறருக்குத் தொற்றவைக்கத் தொடங்குவார். அது ஐந்தாறு நாள் நீடிக்கும். குழந்தைகளிடம் இன்னும் நீளும். ஒருவரிடமிருந்து சராசரியாக ஒன்றரைப் பேருக்குப் பரவியது என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. அம்மையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையிலான காலம் மூன்று நாள் அளவே என்பதால் எண்ணிக்கை வேகமாக ஏறும்.

மருத்துவர்களை அச்சுறுத்தியது இந்தப் பொதுவான சித்திரம் அல்ல. சிறு பகுதியினரிடம் நடந்த திருப்பம். நான்காம், ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும் வேளையில் மூச்சு வாங்கத் தொடங்கும். இந்த வைரஸ் மூக்கு, தொண்டையோடு நிற்காமல் நுரையீரலின் காற்றுப் பைகள்வரை இறங்கக்கூடியது. அங்கே வீக்கம் உண்டாகி, காற்றுப் பைகளில் நீர் கட்டி, இரத்தத்துக்கு ஆக்ஸிஜன் போகாமல் தடைபடும். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாகத் தெரியும். ஒரு நாளுக்குள் வெண்டிலேட்டர் வேண்டிய நிலைக்கு நோயாளி போய்விடலாம். சிலரிடம் இதன்மேல் பாக்டீரியா நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2009 குளிர்காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 722 பேரின் விவரங்களை மருத்துவர்கள் தொகுத்தார்கள். அவர்களில் 9.1 சதவீதம் கர்ப்பிணிகள், 28.6 சதவீதம் மிகுந்த உடல் பருமன் உள்ளவர்கள். மக்கள்தொகையில் இவர்களுடைய பங்கோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. நீரிழிவு, ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் ஆகியவை உள்ளவர்களும் இதே வரிசையில் வருகிறார்கள். பஞ்சாலைகளிலும் நூற்பாலைகளிலும் ஆயுளைக் கழித்த, இளைப்பு வாங்கும் நுரையீரலோடு ஓய்வுபெற்ற மனிதர்கள் பெரியநாயக்கன்பாளையம் முதல் மேட்டுப்பாளையம் வரை ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். இங்கே யாரும் தனியாகத் தேடிக் கணக்கெடுக்காத அபாயக் கூட்டம் இது.

வயதானவர்களைக் கொல்வதே இன்ஃபுளுயன்சாவின் வழக்கம். 2009இல் அந்த வழக்கம் தலைகீழானது. உலக அளவில் இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் அறுபத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தார்கள் என்று 2012இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. காரணம் பழைய நினைவுதான், ஆனால் மனதின் நினைவு அல்ல, உடலின் நினைவு. 1918 வைரஸின் வாரிசுகள் 1957வரை மனிதரிடையே சுற்றிக்கொண்டிருந்தன. சிறுவயதில் அவற்றைச் சந்தித்தவர்களின் இரத்தத்தில் 2009 வைரஸை ஓரளவு அடையாளம் காணும் எதிர்ப்புப் பொருள் மிச்சம் இருந்தது. 1950க்கு முன் பிறந்த அமெரிக்கர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் அது காணப்பட்டது. வீட்டில் பாட்டி தப்பித்து, சம்பாதிக்கும் மகனும் கர்ப்பிணி மருமகளும் படுத்ததற்கு விளக்கம் இதுதான்.

ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட உலக மரணங்கள் 18,449. அதே 2012 மதிப்பீட்டின்படி உண்மை எண்ணிக்கை 1,51,700க்கும் 5,75,400க்கும் இடையில். பெரும் இடைவெளி. இந்தியாவில் பரிசோதனை பெரும்பாலும் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு மோசமானவர்களுக்கே நடந்ததால், நம் ‘நோயாளி எண்ணிக்கை’ என்பது கடுமையாக நோயுற்றவர்களின் எண்ணிக்கை. அதை வைத்து இறப்பு விகிதம் போடக்கூடாது. 2010இல் 1,763 பேர் இறந்தார்கள். உலகத் தொற்று முடிந்துவிட்டது என்று அறிவித்த ஆண்டு அது. 2015இல் 42,592 பேர் நோயுற்று 2,990 பேர் இறந்தார்கள். உலகத் தொற்று ஆண்டைவிட மூன்று மடங்கு மரணம். அந்த ஆண்டு மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ராம் சசிசேகரனும் கண்ணன் தாரகராமனும் 2014இல் இந்தியாவில் எடுக்கப்பட்ட ஒரு மாதிரியின் மரபணு வரிசையில் கவலைக்குரிய மாற்றங்கள் இருப்பதாக எழுதினார்கள். இந்திய அரசும் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனமும் அப்படி மாற்றம் இல்லை என்று மறுத்தன. வாதத்தில் யார் பக்கம் நின்றாலும் ஒன்று வெளிப்பட்டது: இத்தனை பெரிய நாட்டில் பொதுவெளிக்கு வந்த மரபணு வரிசைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. 2017இல் மறுபடியும் 38,811 பேர், 2,270 மரணங்கள். தமிழ்நாட்டில் அந்த ஆண்டின் தொடக்க மாதங்கள் கடுமையாக இருந்தன.

கொங்கு நாட்டில் இந்த வைரஸ் எப்போது வரும், எப்படிப் பரவும்? இந்தியாவின் பல நகரங்களின் பருவ அட்டவணையை ஆராய்ந்தவர்கள், ஸ்ரீநகரில் குளிர்காலத்திலும், நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழையோடும், சென்னையில் அக்டோபர்–நவம்பரிலும் இன்ஃபுளுயன்சா உச்சம் தொடுவதைக் காட்டினார்கள். காரமடை பிந்தைய இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தைக் கொண்டுவரும். ஆனால் ஊருக்கு உருப்படியான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதன்பின் மார்கழி, தைப் பனி. 2018 அக்டோபர், நவம்பரில் கோவை அரசு மருத்துவமனையில் தனி வார்டு திறந்து, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்ட நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். மாசி மகத் தேருக்குக் காரமடை அரங்கநாதரைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் வாரங்களும் பனிக்கால அலையின் கடைசி வாரங்களும் பல ஆண்டுகளில் ஒன்றாக வருகின்றன. தேரை நிறுத்தச் சொல்லவில்லை. காய்ச்சலும் இருமலும் உள்ளவர்கள் அந்த ஒரு வாரம் வீட்டில் இருந்துகொண்டு அடுத்த அமாவாசைக்குச் சாமி பார்க்கலாம் என்பதைக் கோயில் ஒலிபெருக்கியில் சொன்னால் போதும்.

அன்றாடப் பரவலுக்குத் தேர் தேவையில்லை. காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பி காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் வழியாகக் கோவை சேரும் பயணிகள் ரயில், அதே சாலையில் ஓடும் டவுன் பஸ்கள், மில் விடுதிகளில் ஒரே அறையில் தங்கும் பெண்கள், வடமாநிலத் தொழிலாளர்கள், பள்ளிப் பிள்ளைகள். இன்ஃபுளுயன்சாவுக்குப் பள்ளிதான் முதல் உலை என்பது எல்லா நாட்டிலும் கண்ட உண்மை. 2022 செப்டம்பரில் குழந்தைகளிடம் காய்ச்சல் பெருகியபோது புதுச்சேரி அரசு எட்டாம் வகுப்புவரை சில நாட்கள் விடுமுறை விட்டது. பள்ளியை மூடுவது அரசு எடுக்கும் முடிவு. காய்ச்சல் உள்ள பிள்ளையை அனுப்பாமல் இருப்பது வீடு எடுக்கும் முடிவு. தினக்கூலிக்குப் போகும் தாய்க்கு அந்த இரண்டாவது முடிவு எத்தனை கடினம் என்பதை அறிவுரை சொல்பவர்கள் நினைக்க வேண்டும். காரமடையில் கறிவேப்பிலை ஒடிக்கப் போகும் பெண்ணுக்கு ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் கூலி இல்லை.

சிகிச்சைக்கு வருவோம். மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது நல்ல ஏற்பாடு. இலேசான காய்ச்சல், இருமல் மட்டும் இருந்தால் ஏ: பரிசோதனையும் வேண்டாம், வைரஸ் மருந்தும் வேண்டாம், வீட்டில் ஒதுங்கி ஓய்வு. கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தாலோ, கர்ப்பம், நீரிழிவு, நுரையீரல் நோய் போன்ற அபாயம் இருந்தாலோ பி: பரிசோதனைக்குக் காத்திராமல் வீட்டிலேயே மருந்து. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இரத்தம் கலந்த சளி, நகம் நீலம் பூத்தல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவை சி: உடனே மருத்துவமனை. ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை, பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை ஐந்து நாள், முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகப் பயன் தரும். கடுமையான நோயாளிக்குத் தாமதமாகத் தொடங்கினாலும் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் பல ஆண்டுகள் இந்த மாத்திரை எக்ஸ் அட்டவணையில், தனி உரிமம் உள்ள கடைகளில் மட்டும், மருத்துவச் சீட்டின் பிரதியை இரண்டு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டிய கெடுபிடியோடு விற்கப்பட்டது. தவறாகப் பயன்படுத்தி எதிர்ப்பு வளர்ந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர்கள், அந்த உரிமம் உள்ள கடை இல்லாத ஊர்க்காரர்கள். 2017இல்தான் அது எச்1 அட்டவணைக்கு மாறி, சீட்டைக் காட்டினால் சாதாரண மருந்துக்கடையிலும் கிடைக்கத் தொடங்கியது. எட்டு ஆண்டுத் தாமதம். இதைவிட என்னை உறுத்துவது மருத்துவச் சீட்டே இல்லாமல் மெடிக்கலில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் மாத்திரைகள். அவற்றில் ஸ்டீராய்டும் சில வேளை சேர்ந்துவிடுகிறது. அது காய்ச்சலையும் உடல்வலியையும் இரண்டு நாள் மறைக்கும். ‘இப்பத் தேவலைங்க’ என்று நோயாளி வேலைக்குப் போவார். இன்ஃபுளுயன்சா நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்த இடங்களில் மரணம் கூடுதலாகவே பதிவாகியிருக்கிறது. நிலவேம்பும் கபசுரக் குடிநீரும் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவை யாரையும் மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுக்காத வரையில். நான்காம் நாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால் கஷாயத்துக்கான நேரம் முடிந்துவிட்டது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் டிராயரில் கிடக்கிறது. அதில் 94க்குக் கீழே காட்டினால் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அதற்கு எந்தப் பரிசோதனை முடிவும் தேவையில்லை.

தடுப்பூசி விஷயத்தில் இந்தியா வேகமாகவே நகர்ந்தது. 2010இல் சைடஸ் கடிலாவின் ஊசி மருந்தும், சீரம் நிறுவனத்தின் மூக்கில் விடும் மருந்தும் சந்தைக்கு வந்தன. ஆனால் அதற்குள் பயம் ஓய்ந்திருந்தது, வாங்க ஆளில்லை. இப்போது எச்1என்1 பருவகாலத் தடுப்பூசிக்குள் ஓர் அங்கம். அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை. மகாராஷ்டிர அரசு கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுத்துக் காட்டியது. தமிழ்நாட்டின் தாய்சேய் நலப் பணி நாட்டுக்கே முன்மாதிரி. கிராம சுகாதாரச் செவிலியரிடம் எல்லாக் கர்ப்பிணிகளின் பெயரும் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துப் புரட்டாசிக்குள் ஊசி போட்டுவிட முடியும். கொங்கு நாட்டுக்கு அதுதான் சரியான மாதம். ஐப்பசி மழை தொடங்கும்போது எதிர்ப்பு உருவாகியிருக்கும்.

கடைசியாகக் கண்காணிப்பு. காரமடைக்கு மேற்கே முள்ளியிலும் கோபனாரியிலும் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகள் உள்ளன. ஆலப்புழையில் பறவைக் காய்ச்சலால் வாத்துகள் சாகும்போதெல்லாம் கோழி, முட்டை வண்டிகளை இங்கே கால்நடைத் துறையினர் நிறுத்திக் கிருமிநாசினி தெளிக்கிறார்கள். பல்லடத்தில் கறிக்கோழியும் நாமக்கல்லில் முட்டையும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகும் பகுதியில் இது அவசியமான காவல். அடுத்த உலகத் தொற்று பறவையிலிருந்து கிளம்பலாம் என்பதால் மனிதருக்கும் இது காவல்தான். ஆனால் மனிதக் காய்ச்சலுக்கு இதற்கு நிகரான தொடர் காவல் இல்லை. எச்3என்2 என்ற இன்னொரு இன்ஃபுளுயன்சா வகை பரவியபோது, 2023 மார்ச் 10 அன்று தமிழ்நாடு அரசு ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடத்தியது, பாராட்டத்தக்க வேகம். முகாம் அலை வந்தபின் நடப்பது. அலை வருவது முதலில் தெரியும் இடம் தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும். அவை யாருக்கும் கணக்குச் சொல்வதில்லை. ஒரு வாரத்தில் எத்தனை பேர் இருமலோடு கூடிய காய்ச்சலுக்கு வந்தார்கள் என்ற ஒற்றை எண்ணைப் பெயரோ முகவரியோ இல்லாமல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காரமடை வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்ப ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். 1957இல் குன்னூரில் தபாலில் வாங்கிச் சேர்த்த கணக்கும் அதே வகைதான். அந்த எண் இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால் கர்ப்பிணிகளுக்கும் இளைப்பு நோயாளிகளுக்கும் செவிலியர் முதல் நாளே போன் செய்யலாம்; மேட்டுப்பாளையம் மருத்துவமனையில் ஆக்ஸிஜன் படுக்கைகளைத் தயாராக வைக்கலாம்; மாத்திரை இருப்பைக் கோவையிலிருந்து முன்கூட்டியே வரவழைக்கலாம்.